விற்காமல் வைத்திருந்த ஜீப்

தேனியில் அந்த ஜீப் ஷோரூமில் நான் வேலைக்குச் சேர்ந்தது தொண்ணூற்றாறில். பி.காம் முடித்திருந்தேன். பில் போடத்தான் என்னை எடுத்தார்கள். மூன்று மாதத்தில் ஸ்பேர் பார்ட்ஸ் கவுண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தவர் வேலையை விட்டுவிட்டு ஊரைப் பார்க்கப் போனார். முதலாளி என்னைக் கூப்பிட்டு, "ஆள் கிடைக்கிற வரைக்கும் நீ நில்லும்மா" என்றார். அதன்பிறகு அவர் ஆள் தேடியதாகவே எனக்குத் தெரியவில்லை. பதிமூன்று வருடம் அந்தக் கவுண்டரில் நான்தான் நின்றேன்.

முதலாளி உத்தமபாளையத்து ராவுத்தர். டிரைவர்கள் 'பாய்' என்பார்கள். அதிகம் பேச மாட்டார். புது வண்டியின் சாவியை வாங்குகிறவர் கையில் கொடுக்கும்போது மட்டும் முகம் மலரும்.

ஆரம்பத்தில் டிரைவர்கள் என்னிடம் சாமான் கேட்கவே கூச்சப்பட்டார்கள். கவுண்டர் வரை வந்துவிட்டு, என்னைப் பார்த்ததும் உள்ளே மெக்கானிக்கைத் தேடிப் போவார்கள். கோம்பையிலிருந்து ஒரு டிரைவர் வருவார். நெடுநெடுவென்று உயரம், தோளில் எப்போதும் பச்சைத் துண்டு. அவர் நேராகவே கேட்டார்.

"ஏத்தா, ஆம்பள ஆளு யாரும் இல்லையா?"

"இல்லண்ணே. என்ன வேணும், சொல்லுங்க."

சாமானின் பேரை அவர் சொல்லவில்லை. துண்டை அவிழ்த்து ஓர் உடைந்த இரும்பைக் கவுண்டரில் வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்தார். நான் மத்தியானச் சாப்பாட்டு நேரமெல்லாம் ஒர்க்‌ஷாப்பில் போய் நின்று, கழற்றிப் போட்ட சாமான்களைப் பார்த்துப் பார்த்துப் படித்தவள்.

"முன் சக்கரத்துக்குப் போற ஷாஃப்ட்டோட கிராஸ். ரெண்டு சைஸ் இருக்கு. வண்டி எந்த வருசம்ணே?"

அவர் சிரித்துவிட்டார். அடுத்த வாரத்திலிருந்து கோம்பை டிரைவர்கள் எல்லாரும் என்னிடமே வந்தார்கள். "அங்கன ஒரு பிள்ள நிக்கிது, அதுட்ட கேளுன்னு அண்ணன் சொன்னாக" என்பார்கள்.

அப்போது மலையேறும் மெட்டு ரோடுகளில் எங்கள் ஜீப் இல்லாத ரோடு கிடையாது. முன்பக்கம் தாவுகிற ஆடு ஒன்றை முத்திரையாக வைத்திருந்ததால் ஆட்டு ஜீப் என்றே பேர். கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் காலையில் ஏலத்தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு வரிசையாக மலையேறும். உட்காரும் இடம் எத்தனை என்று கம்பெனிப் புத்தகத்தில் ஒரு கணக்கு இருந்தது. அதை யாரும் மதித்ததில்லை. பின்னால் தொங்கிக்கொண்டு போகிறவர்களையும் சேர்த்து அந்த வண்டி இழுக்கும். அழகு என்று சொல்ல அதில் ஒன்றும் இல்லை. மழை பெய்தால் தார்ப்பாய் ஒழுகும். ஆனால் நாலு சக்கரமும் இழுக்கிற மாதிரி கியரைத் தட்டிவிட்டால் ஓடைக்குள்ளும் போகும், பாறை மேலும் ஏறும். ஆயுத பூஜை அன்று கடை வாசலில் மாலை போட்டு நிற்கும் ஜீப்புகளைப் பார்த்தால் திருவிழா மாதிரி இருக்கும். அந்த ஒரு வண்டியை நம்பித்தான் கம்பெனியே பிழைத்தது.

இரண்டாயிரத்துக்கு அப்புறம் நிலைமை மாறியது. வேறு கம்பெனிகள் கண்ணாடி ஏற்றி இறக்கிக்கொள்ளும் சொகுசு வண்டிகளைக் கொண்டுவந்தன. எஸ்டேட்காரர்கள் அதற்குப் போனார்கள். சரக்கு ஏற்றுகிறவர்கள் பிக்கப் வாங்கினார்கள். எங்கள் கம்பெனியும் பயந்துபோய், ஜீப்புக்கு மெத்தை சீட்டும் மெல்லிசான பாடியும் போட்டு ஒரு புது மாடல் விட்டது. கோம்பை அண்ணன் வந்து அதைச் சுற்றிப் பார்த்தார். பம்பரை விரலால் சுண்டினார். "இது கல்யாண வீட்டுக்குப் போறதுக்கு நல்லாருக்கும் பாய்" என்றார். அந்த மாடல் எங்கள் பக்கத்தில் மூன்றோ நாலோதான் போனது.

ஒருநாள் கம்பெனியிலிருந்து இங்கிலீஷில் ஒரு கடிதம் வந்தது. முதலாளி கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "படிம்மா" என்றார். பழைய ஜீப்பை இனிமேல் செய்யப்போவதில்லை, ஸ்பேர் பார்ட்ஸ் சில வருடங்களுக்கு மட்டும் வரும் என்று எழுதியிருந்தது. தமிழில் சொன்னேன். அவர் ஒர்க்‌ஷாப் பக்கம் திரும்பி, லிஃப்டில் தூக்கி வைத்திருந்த ஜீப்பைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"மலையில ஓடுற வண்டி எத்தன இருக்கும்?"

"நம்ம குடுத்தது மட்டும் ஐநூறுக்கு மேல இருக்கும் முதலாளி."

"நம்ம கையால சாவி குடுத்தது. நடுமெட்டுல நிக்க விடலாமாம்மா?"

மற்ற ஊர் டீலர்கள் போர்டை இறக்கிவிட்டு வேறு கம்பெனிக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். இவர் என்னிடம் ஒரு பட்டியல் எழுதச் சொன்னார். இந்த மலை ரோட்டில் எது எது உடையும், எது எத்தனை வேண்டும் என்று. கவுண்டரில் நின்ற அனுபவத்தில் எழுதிக் கொடுத்தேன். அறுபது வயதைத் தாண்டியவர், அந்தத் தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் கோயம்புத்தூர், நாகர்கோவில், கோட்டயம் என்று போனார். மூடுகிற கடைகளில் ரேக்கோடு கிடந்த சாமான்களை வாங்கி லாரியில் அனுப்பினார். எங்கள் குடோனில் நடக்க இடமில்லாமல் போனது. நான் திகைத்துப்போனேன். வண்டி விற்கிறவர் ஒருவர், விற்று முடித்த வண்டிகளுக்காக இப்படி அலைவார் என்று நான் நினைத்ததில்லை.

கம்பெனியிலிருந்து கடைசி லோடில் இரண்டு ஜீப் வந்தது. ஒன்றை விற்றோம். கரும்பச்சை நிறத்தில் இருந்த இன்னொன்றை முதலாளி ஷோரூம் கண்ணாடிக்குள் நிறுத்திவிட்டார். எத்தனையோ பேர் கேட்டார்கள். எல்லாருக்கும் ஒரே பதில்தான்: "அது இருக்கட்டும்." சீட்டில் ஒட்டியிருந்த பாலிதீன் உறையைக்கூடப் பிரிக்க விடவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் தொழுகைக்குப் போகுமுன் தானே துடைப்பார்.

அதற்கப்புறம் ஓர் ஆடி மாதம். நாலு நாளாக மலையில் விடாத மழை. காலை பத்து மணி இருக்கும், கோம்பை அண்ணன் நனைந்து ஒழுக உள்ளே வந்தார். போடி மெட்டைத் தாண்டி எஸ்டேட்டுக்குப் பிரிகிற தார் ரோடு சரிந்து கிடந்தது. வாரம் முழுக்கத் தங்கி வேலை செய்யப் போன பெண்கள் இருபத்திரண்டு பேர் அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டார்கள். அவர்கள் தங்கியிருந்த லயத்துச் சுவர் இடிந்து ஒரு பெண்ணுக்குக் கால் முறிந்திருந்தது.

"மரம் வெட்டுன காலத்துக் கூப்பு ரோடு ஒண்ணு இருக்கு பாய். பிக்கப் போயி சேத்துல நின்னுபோச்சு. நம்ம ஜீப்பு போயிரும். ஆனா ஏ வண்டி கியர்பாக்ஸ் நேத்தோட போச்சு. எங்கூரு மத்த வண்டியெல்லாம் கம்பத்துப் பக்க மலையில மாட்டி நிக்கிது."

நான் குடோனுக்கு ஓடினேன். அவர் கேட்ட கியர் எங்களிடம் இருந்தது. ஆனால் இறக்கி மாட்ட முழுசாக ஒருநாள் ஆகும். வெளியே வந்து சொன்னேன். முதலாளி எழுந்து ஷோரூமுக்குள் போனார். கரும்பச்சை ஜீப்பின் கதவைத் திறந்து, சீட்டின் பாலிதீன் உறையைத் தன் கையாலேயே டர்ரென்று கிழித்தார்.

"டீசல் ஊத்தச் சொல்லு" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "பொம்பளப் பிள்ளைக நிக்கிற இடம். அடிபட்ட பிள்ளையத் தூக்கணும். நீயும் கூடப் போறியாம்மா?" என்றார்.

போனேன். போடி தாண்டி, கொண்டை ஊசி வளைவுகள் தாண்டி, கூப்பு ரோட்டில் இறங்கும்வரை எனக்குப் பயமில்லை. அங்கே ரோடு என்று எதுவும் இல்லை. செம்மண் சேறு, நடுவில் தண்ணீர் அறுத்த பள்ளம், இடதுபக்கம் பாதாளம். அண்ணன் இறங்கி, முன்சக்கரமும் இழுக்கிற மாதிரி அதன் லாக்கைத் திருகிவிட்டு ஏறினார். குட்டிக் கியரைத் தட்டினார். வண்டி நத்தை மாதிரி நகர்ந்தது. ஒரு சக்கரம் வழுக்கும்போது இன்னொன்று பிடித்து இழுப்பது சீட்டுக்குக் கீழே தெரிந்தது. அத்தனை வருடமாக எண் சொல்லி, எண்ணெய்த் தாள் பிரித்து எடுத்துக் கொடுத்த கிராஸ், ஸ்பிரிங் பட்டை, பேரிங் எல்லாம் என் காலடியில் வேலை செய்வதை அன்றைக்குத்தான் உணர்ந்தேன்.

"பயமா இருக்காத்தா?"

"இல்லண்ணே."

"எனக்கு இருக்கு" என்றார், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஓரிடத்தில் மேலே இருந்து உருண்ட பாறை பள்ளத்து ஓரமாக நின்று பாதி வழியை அடைத்திருந்தது. அண்ணன் பக்கவாட்டுத் தகரத்தை மலைச்சுவரில் உரசவிட்டே கொண்டுபோனார். கிறீச் என்ற அந்தச் சத்தத்தில் எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. லயத்தில் கால் முறிந்த பெண்ணைப் பலகையில் கட்டிப் பின்னால் படுக்க வைத்தோம். என் மடியில் அவள் தலை. "அக்கா, வண்டி புதுசு வாசம் அடிக்கிதுக்கா" என்றாள் அந்த வலியிலும். சாயங்காலத்துக்குள் மூன்று நடை. மற்ற இருபத்தொரு பேரும் மெட்டு ரோட்டில் காத்து நின்ற பஸ்ஸில் ஏறிவிட்டார்கள். அடிபட்டவளைப் போடி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

திரும்பி வந்தபோது முதலாளி வாசலிலேயே நின்றார். ஜீப்பின் வலதுபக்கம் முழுக்கக் கிழிந்திருந்தது. தார்ப்பாய் தொங்கியது. சேற்றில் நிறமே தெரியவில்லை. அண்ணன் தலைகுனிந்து, "பாய், வண்டிய நாசம் பண்ணிட்டேன்" என்றார்.

முதலாளி டயரில் ஒட்டிய சேற்றைக் கையால் தட்டிப் பார்த்தார். "இழுத்துச்சா?"

"இழுத்துச்சு பாய். இதமாரி எதும் இழுக்காது."

அவ்வளவுதான் கேட்டார். அடுத்த வாரமே தகரத்தைத் தட்டிப் பெயிண்ட் அடிக்கச் சொன்னார். முடிந்ததும் கோம்பைக்கு ஆள் அனுப்பி அண்ணனை வரவழைத்தார். என்னிடம் வந்து, "இந்த வண்டிக்கு அவுக பேருல பில்லப் போடும்மா" என்றார். நான் அவரை நிமிர்ந்து பார்த்தேன். "கண்ணாடிக்குள்ள நின்னா அதுக்கு என்ன வேல?" என்றார். அண்ணன் சாவியை வாங்கும்போது முதலாளியின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அந்த ஷோரூமில் நான் போட்ட கடைசி வண்டி பில் அதுதான்.

இரண்டாயிரத்து ஒன்பதில் கடையை மூடினோம். குடோனில் மிஞ்சியிருந்த சாமான்களைக் கம்பம், போடி, கடமலைக்குண்டு ஒர்க்‌ஷாப்புகளுக்குப் பங்கிட்டு அனுப்பினார் முதலாளி. ஒவ்வொரு பெட்டியிலும் என்ன இருக்கிறது என்று தமிழில் எழுதி ஒட்டும் வேலையை எனக்குக் கொடுத்தார். அது முடிய ஒரு மாதம் ஆனது. பிறகு அவர் உத்தமபாளையத்தில் திராட்சைத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டார். நான் பழனிசெட்டிபட்டியில் ஒரு டிராக்டர் கடையில் பார்ட்ஸ் பிரிவுக்குப் போனேன்.

அங்கே வேலைக்குச் சேர்ந்த மறுவருடம், கையில் குழந்தையோடு ஒரு பெண் போடி பஸ் ஸ்டாண்டில் என்னைப் பார்த்துச் சிரித்தாள். லேசாகச் சாய்ந்துதான் நடந்தாள். எனக்கு அடையாளம் தெரியவில்லை. "ஒங்க மடியிலதான் தல வச்சுக்கிட்டு வந்தேன்" என்றாள்.