அக்காவின் கேமராவில் என்றும் ஜனவரி ஒன்று

பேட்டரி இரண்டையும் போட்டு மூடியைத் தள்ளியதும் அக்காவின் கேமரா முதலில் கேட்பது தேதியைத்தான். தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய திரையில் ஒரு வரி வந்து நிற்கும்: தேதியையும் நேரத்தையும் வைக்கவும். அதன்கீழ் கேமரா தானாகவே ஒரு தேதியை மினுக்கிக் காட்டும். 2003, ஜனவரி ஒன்று. அம்புக்குறியை அழுத்தி அழுத்தி அதை இன்றைய நாளுக்குக் கொண்டுவர வேண்டும். அக்கா அதைச் செய்ய மாட்டாள். அப்படியே ‘ஓகே’யை அழுத்திவிட்டுப் படமெடுக்கத் தொடங்கிவிடுவாள். அதனால் அவள் எடுத்த படங்களின் வலது மூலையில், ஆரஞ்சு நிற எண்களில், பெரும்பாலும் ஜனவரி ஒன்று அல்லது இரண்டுதான் இருக்கும். தீபாவளிப் படத்திலும் அதே தேதி, பள்ளி ஓட்டப்பந்தயத்திலும் அதே தேதி. அந்தத் தேதி எப்படி வந்தது என்பதை இருபது வருடமாக நான் யாரிடமும் சொன்னதில்லை. போன மாதம் ஜொகூரில் ஓர் ஆஸ்பத்திரி வார்டில் நின்ற பிறகு, சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அக்கா மலேசியாவில் ரந்தா என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தின் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நகைமேல் ஆசை கிடையாது, சேலைமேலும் கிடையாது. சிரம்பானுக்குப் போனால் புத்தகக்கடையில் கேமரா, கம்ப்யூட்டர் பத்திரிகைகள் அடுக்கியிருக்கும் மூலையில் போய் நின்றுவிடுவாள். எந்தக் கேமராவுக்கு எத்தனை மெகாபிக்சல், எதற்கு மெமரி கார்டு தனி, எது பேட்டரியைச் சீக்கிரம் தின்னும் என்று அவளுக்கு மனப்பாடம். “மாப்பிள்ளை ஜாதகம் பாக்குற வயசுல நீ கேமரா ஜாதகம் பாக்குற,” என்று நான் கிண்டல் செய்வேன். “கேமராவுக்கு ஒரு வருசம் வாரண்டி குடுக்குறான் தம்பி. மாப்பிள்ளைக்கு எவன் குடுக்குறான்?” என்பாள். எங்கள் தோட்டத்தில் முதல் டிஜிட்டல் கேமரா அவளுடையது. படமெடுத்த மறுகணமே திரையில் தன் முகத்தைப் பார்த்துவிட்டு, பால் வெட்டிக் காய்ந்த கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த பெண்கள் இன்னும் என் கண்ணில் நிற்கிறார்கள்.

கேமராவில் இரண்டு விதமான ஜூம் இருந்தது. ஒன்றில் லென்ஸ் நிஜமாகவே முன்னால் நீளும். மற்றதில், எடுத்ததையே பெரிதாக்கிக் காட்டும். இரண்டாவதை அவள் தொடவே மாட்டாள். “இது கிட்ட போறதில்லடா. நின்ன இடத்துலயே நின்னுக்கிட்டு பெருசு பண்ணிக் காட்டுறது. போகப் போகக் கட்டம் கட்டமா உடஞ்சிடும்,” என்றாள் ஒருமுறை. அன்று அது எனக்கு ஒரு கருவியைப் பற்றிய தகவல், அவ்வளவுதான்.

கேமரா வந்த நாளில் தேதி, நேரம் வைத்தது நான். அக்கா சமையல்கட்டில் இருந்தாள். “தம்பி, மணியக் கொஞ்சம் வச்சுக் குடு. கையெல்லாம் மாவு,” என்று குரல் கொடுத்தாள். நான் நிமிர்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, அதில் இருந்தபடியே வைத்தேன். எங்கள் வீட்டுக் கடிகாரம் எப்போதும் அரைமணி நேரம் முந்தி ஓடும். அம்மா பால்மரம் வெட்டப் போன காலத்தில், விடிவதற்குள் பெரட்டுக் களத்தில் போய் நின்று பெயர் கொடுக்க வேண்டும். ஒரு நிமிடம் பிந்தினாலும் அன்றைக்கு வேலை இல்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். அந்தப் பயத்தில் முந்தி வைத்த கடிகாரத்தை, அம்மா வேலையை விட்டு நின்ற பிறகும் யாரும் சரிசெய்யவில்லை. மணி பார்க்கும்போதே அரைமணியைக் கழித்துக்கொள்வது எங்களுக்கு மூச்சுவிடுவது மாதிரி. தோட்டத்தில் பாதி வீடுகளில் இதே கதைதான். ஆனால் கேமராவுக்குக் கழிக்கத் தெரியாது என்பது அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவில்லை.

அதே வாரம், போட்ட பேட்டரியைக் கழற்றுவதற்கு முன்பே, தோட்டத்து மாரியம்மன் கோயில் தீமிதி வந்தது; அக்காதான் படமெடுத்தாள். லுக்குட்டில் ஒரு கடையில் அச்சடித்து வாங்கி, கோயில் மண்டபத்தில் ஒரு பலகையில் வரிசையாகக் குத்திவைத்தாள். வேண்டியவர்கள் படத்தின் எண்ணைச் சொன்னால் நகல் எடுத்துத் தருவதாக ஏற்பாடு. மூன்று நாளும் பலகைக்கு முன்னால் ஒரே கூட்டம். “என் தலைய எதுக்கு டீச்சர் வெட்டிட்டீங்க?” “உன் தல உள்ள வரமாட்டேன்னு அடம்புடிச்சுச்சு லா.” அந்தக் கூட்டத்தில்தான் தோட்டத்துக் கங்காணியான மண்டோரும் நின்றிருந்தார். வேலையாட்களை மேய்க்கிற குரல் அவருக்கு, ஆனால் ஒரே மகளிடம் பேசும்போது அது பாதியாகக் குறைந்துவிடும். அந்தப் பெண் ஆறாம் படிவம், பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்பு, படித்துக்கொண்டிருந்தாள். தோட்டத்திலிருந்து அதுவரை போன முதல் பெண்.

மண்டோர் பார்த்தது தன் மனைவி தீச்சட்டி ஏந்திய படத்தை. அதன் பின்னால், கரும்புச்சாற்றுக் கடையின் ஓரத்தில், அவர் மகள் நின்றாள். பக்கத்தில் லிங்கி என்ற ஊர்த் தோட்டத்துப் பையன் ஒருவன். இருவரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மூலையில், தேதிக்குப் பக்கத்தில், மாலை 4:35. நாலரைக்கு ரந்தாவில் டியூஷனில் உட்கார்ந்திருந்ததாக அவள் வீட்டில் சொல்லியிருந்தாள்.

மண்டோர் அந்தப் படத்தைப் பலகையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போனார். இரண்டு நாள் கழித்து அக்காவுக்குச் சேதி வந்தது: பெண்ணைப் பள்ளியை விட்டு நிறுத்திவிட்டார். அன்று சாயங்காலம் அக்கா கேமராவை எடுத்துவைத்துத் தன் கைக்கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். பிறகு சுவரைப் பார்த்தாள். “தம்பி, நம்ம வீட்டுக் கடியாரம்,” என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அந்தப் படம் எடுத்தது நாலு மணி ஐந்து நிமிடத்துக்கு. நாலேகாலுக்குத் தோட்ட வாசலில் பஸ். அந்தப் பெண் பஸ் ஏறி டியூஷனுக்குப் போய்த்தான் இருக்கிறாள்.

அக்கா மண்டோர் வீட்டுக்குப் போனாள். நானும் கூடப் போனேன், வாசலிலேயே நின்றேன். “மணி தப்புங்க. நான்தான் தப்பா வச்சிட்டேன்,” என்றாள். நான் என்று அவள் சொன்னபோது, வாசலில் நின்ற நான் வாயைத் திறக்கவில்லை. மண்டோர் படத்தை மடியிலிருந்து எடுத்து நீட்டினார். “கேமரா பொய் சொல்லுமா டீச்சர்? உங்க பழைய மாணவின்னு காப்பாத்தப் பேசுறீங்க.”

“டியூஷன்ல போய் ஒரு வார்த்த கேட்டுப் பாருங்களேன்.”

“எம்மக வந்தாளான்னு இன்னொருத்தர்கிட்ட போய் நான் கேக்கணுமா? கேட்டாலே போச்சு டீச்சர், ஊரே பேசும்.”

உள்ளே அடுப்படியில் யாரோ அழும் சத்தம் கேட்டது. அடுத்த மாதம் அந்தப் பெண்ணை வடக்கே ஓர் உறவினர் வீட்டுக்கு அனுப்பினார்கள். பிறகு கல்யாணம் என்று கேள்விப்பட்டோம். அதற்குமேல் எதுவும் தெரியாது.

அதன்பிறகுதான் அக்கா தேதி வைப்பதை நிறுத்தினாள். அப்படியானால் மூலையில் எண்ணே வராமல் செய்துவிடலாமே என்று ஒருமுறை கேட்டேன். “வேணாம். இருக்கட்டும். தப்புன்னு பாத்த உடனே தெரியுற மாதிரி தப்பா இருக்கட்டும்,” என்றாள். மூன்று வருடத்துக்கு முன்னால் அக்கா போய்ச் சேர்ந்தாள். கேமரா என்னிடம் வந்தது.

இதையெல்லாம் அறிந்த மனிதன் நான். பிறகு எப்படி அதைச் செய்தேன் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

என் மகளுக்கு இருபத்துமூன்று வயது. ஜொகூரில் வேலை கிடைத்துப் போனபோது அவள் கைப்பேசியில் குடும்ப ஆல்பம் ஒன்றை நான்தான் அமைத்துக் கொடுத்தேன். அவள் எடுக்கும் படங்கள் தானாகவே என் கைப்பேசிக்கும் வந்துவிடும். போன் தொலைந்தாலும் படம் தொலையாது என்று சொன்னேன். அது பொய்யில்லை. ஆனால் ஒவ்வொரு படத்தையும் மேலே தள்ளினால், எடுத்த நேரமும் வரைபடத்தில் எடுத்த இடமும் வரும் என்பதை நான் சொல்லவில்லை. புதிய போன்கள், புதிய செயலிகள் பற்றிய செய்திகளை அக்காவைப் போலவே நானும் விடாமல் படிக்கிறவன். அக்கா படம் எடுக்கத் தெரிந்துகொள்வதற்காகப் படித்தாள். நான் எதற்காகப் படித்தேன்? ஒவ்வொரு மதியமும் அவள் எடுக்கும் சாப்பாட்டுப் படத்தின் வரைபடத்தில் நீலப் புள்ளி அவள் அலுவலகத்தில் இருப்பதைப் பார்த்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்கும். மனைவிக்குக்கூட இது தெரியாது.

அன்று மதியம் ஒரு பொட்டலம் நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோற்றின் படத்தை அனுப்பி, “சாப்பிட்டேன் பா, ரூம்லதான் இருக்கேன், இன்னிக்கு லீவு,” என்று எழுதியிருந்தாள். அதே படம் ஆல்பத்திலும் வந்தது. மேலே தள்ளினேன். புள்ளி அரசாங்க ஆஸ்பத்திரியின்மேல் இருந்தது. படத்தை விரலால் விரித்துப் பெரிதாக்கினேன். முட்டை, நெத்திலி, வாழையிலை, ஓரத்தில் ஏதோ பச்சைத் துணி. இன்னும் பெரிதாக்கினேன். கட்டம் கட்டமாக உடைந்தது.

போன் செய்து கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் மறைத்துவிடுவாள் என்று நினைத்தேன். மனைவியைக் காரில் ஏற்றிக்கொண்டு லுக்குட்டிலிருந்து கிளம்பினேன். மூன்று மணி நேரமும் என் தலைக்குள் என்னென்னவோ ஓடியது, எழுதக் கூசுகிறது. மனைவி மட்டும், “போனதும் கத்தாதீங்க. முதல்ல புள்ளைக்கு என்னன்னு கேளுங்க,” என்று இரண்டு முறை சொன்னாள்.

இடது கையில் மாவுக்கட்டு. தோழியின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து போயிருக்கிறாள், மழையில் சறுக்கிவிட்டது. மோட்டாரில் ஏறக்கூடாது என்று என்னிடம் சத்தியம் செய்து கொடுத்தவள். கட்டிலோரம் நின்று நான் முதலில் சொன்ன வார்த்தை, “ரூம்ல இருக்கேன்னு சொன்ன?” என்பதுதான். கையை நீட்டி, கைப்பேசியில் வரைபடத்தைக் காட்டினேன். மண்டோர் படத்தை நீட்டிய அதே மாதிரி. வார்டே திரும்பிப் பார்த்தது.

மகள் வரைபடத்தைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். “என்னைப் பாக்க வந்தீங்களா பா, புடிக்க வந்தீங்களா?”

மறுநாளே ஆல்பம் நின்றுபோனது. வீட்டுக்கு வந்து கை ஆறும்வரை இரு என்று அவள் அம்மா கெஞ்சினாள். தோழி பார்த்துக்கொள்வாள் என்று மகள் சொல்லிவிட்டாள். என் அழைப்பை எடுக்கவில்லை. இனி இவள் தானாக என்னிடம் எதுவும் சொல்லப்போவதில்லையோ என்ற பயம் அப்போது வந்தது. ஆஸ்பத்திரிக்கு ஓடியபோதுகூட அவ்வளவு பயம் இல்லை.

மண்டோரின் மணி தவறு. என் வரைபடம் சரி. அவர் மகள் உண்மை சொன்னாள், என் மகள் பொய் சொன்னாள். கணக்குப்படி நான் அவரைப்போல் இல்லை. நான் பார்க்காமல் இருந்திருந்தால் அவள் கை உடைந்ததே எனக்குத் தெரிந்திருக்காது. இதையும் நினைக்கிறேன். அப்படியானால் நான் செய்தது சரியா? சரியென்றால் ஏன் அவர் முகமே எனக்கு வருகிறது? பல நாள் யோசித்தும் ஒரு பக்கமாக நிற்க முடியவில்லை.

கட்டுப் பிரித்த பிறகு, போன சனிக்கிழமை வந்தாள். எந்த பஸ், எத்தனை மணி என்று நான் கேட்கவில்லை. “என்ன பா, பஸ் நம்பர் கேக்கல?” என்றாள் உள்ளே நுழைந்ததும். முகத்தில் சிரிப்பு இல்லை. நான் அலமாரியைத் திறந்து அக்காவின் கேமராவை எடுத்தேன். பேச வேறு வழி தெரியவில்லை. சுவர்க் கடிகாரத்தையும் மண்டோர் மகளையும், வாசலில் நான் வாய் திறக்காமல் நின்றதையும் சொன்னேன்.

“மண்டோர் மக, அந்த அக்கா, இப்ப எங்க பா?”

“தெரியல மா.”

“தேடவே இல்லையா? நீங்கதான் தேடுறதுல கெட்டிக்காரராச்சே.”

நான் பேட்டரி இரண்டையும் அவள் பக்கம் தள்ளினேன். அவளே பேட்டரியைப் போட்டாள், வலது கையால். கேமரா தேதி கேட்டது. “இன்னிக்குத் தேதி வைக்கட்டுமா?” என்றாள். நான் தலையசைக்கவில்லை. அவள் தேதியை மாற்றாமலே ‘ஓகே’யை அழுத்தி, கேமராவை என் கையில் கொடுத்தாள். வாசல் கதவில் சாய்ந்து நின்றாள். இடது முழங்கையில் புதிய தழும்பு. அதை மறைக்கவில்லை, காட்டவும் இல்லை.

எடுத்துப் பார்த்தேன். இருபத்துமூன்று வயதுப் பெண் ஒருத்தி கதவோரம் நிற்கிறாள். மூலையில் 2003, ஜனவரி ஒன்று. அந்தத் தேதியில் அவளுக்கு ஒரு வயது; என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு இரண்டடி வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவாள். எழுந்து நிற்கிறாளா என்று நான் பார்த்துக்கொண்டே இருப்பேன்.

“படம் நல்லா வந்துச்சா பா?” என்றாள்.

தேதிதான் தப்பு என்றேன்.