லோடு வண்டிக்குச் சத்தம் கிடையாது

நான்காம் வகுப்பு படிக்கும்போதே எனக்கு ஓர் உத்தியோகம் இருந்தது. தினமும் காலை ஆறரை மணிக்கு அத்தையின் கையைப் பிடித்துச் சாலையைத் தாண்ட வைக்க வேண்டும். அத்தை என்றால் நைனாவின் அக்கா. புருஷன் போன பிறகு எங்களோடுதான் இருந்தாள். சர்க்கரை வியாதி அவளுடைய இரண்டு கண்களையும் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கொண்டு போயிருந்தது. கண் போனாலும் கருவாட்டு வியாபாரத்தை அவள் விடவில்லை. மார்க்கெட் வாசலில் குந்திக்கொண்டு நெத்திலி எது, வாளை எது என்று விரலாலேயே பிரித்து விற்பாள். வீட்டில் சுவரோரம் சத்தமில்லாமல் கிடக்கிறவளுக்கு அங்கே போனால் எங்கிருந்துதான் அவ்வளவு வாய் வருமோ, பேரம் பேச வருகிறவர்கள் யோசித்துத்தான் வாயைத் திறப்பார்கள்.

எங்கள் வீடு திருவொற்றியூரில் கடலை ஒட்டி. மார்க்கெட்டோ சாலைக்கு அந்தப் பக்கம். நடுவில் துறைமுகத்துக்குப் போகிற, வருகிற கண்டெய்னர் லாரிகள். முன்பெல்லாம் அம்மாதான் கூட்டிப்போவாள். அவள் துணிக் கம்பெனியில் காலை ஷிப்டுக்குப் போக ஆரம்பித்ததும் அந்த வேலை என் தலையில் விழுந்தது. நைனாவுக்கு இதில் துளியும் இஷ்டமில்லை. ஒருநாள் சோற்றில் கைவைத்தபடியே சொல்லிவிட்டார். "ஒரே ஒரு தபா எதுனா ஆச்சுன்னு வையி, அத்தோட நீ வூட்டாண்டதான் குந்தினுக்கணும்க்கா." அத்தை எழுந்து போய்விட்டாள். அன்றிலிருந்து நான் அவள் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வேன்.

அத்தை எனக்குப் போட்ட கட்டளை ஒன்றே ஒன்று. "லாரி வருது, பஸ் வருதுன்னு சொல்லாத. எப்டி வருதுன்னு சொல்லு." அதனால் நான் சாலையோரம் நின்று வண்டிகளின் பெயரை விட்டுவிட்டு வருகிற விதத்தை மட்டும் சொல்வேன். விர்ருனு வருது என்றால் பைக். சர்ருனு என்றால் பஸ். சளக்சளக் என்றால் தண்ணி லாரி. மூன்று சக்கர மீன்பாடி வண்டிக்குக் குடுகுடு. காலி டிரெய்லர் என்றால் தடதட, அதன் சங்கிலியும் கொக்கியும் தெருவுக்கே கேட்கும். அத்தை அதை வைத்துக் கணக்குப் போடுவாள். விர்ருக்கும் சர்ருக்கும் நிற்பாள், குடுகுடுவுக்கு நடப்பாள். கண்டெய்னர் ஏற்றிய லோடு வண்டிக்கு மட்டும் என்னிடம் வார்த்தை இல்லை. "காலி வண்டிதான் கத்திகினு வரும். லோடு வண்டிக்கு சத்தமே கெடையாது. அதுக்குத்தான் உன் கண்ணு," என்பாள்.

இரண்டு மாதம் போனதும் எனக்குத் தைரியம் வந்துவிட்டது. தைரியம் என்று மரியாதைக்குச் சொல்கிறேன், கொழுப்பு என்பதுதான் சரி. அத்தைக்கு இல்லாத கண் எனக்கு மட்டும் எதற்கு, காதை வைத்தே நானும் கண்டுபிடிப்பேனே என்று ஓர் ஆசை. ஒரு சனிக்கிழமை, துறைமுகத்துக்குள் போகக் காத்து நின்ற டிரெய்லர்களின் இடுக்கில் புகுந்து, வண்டி ஓடுகிற பாதை ஓரம் வந்து நின்றோம். ஒரு காலி வண்டி தடதடவென்று புழுதியை வாரி இறைத்துவிட்டுப் போனது. நான் இரண்டு கண்ணையும் இறுக்கி மூடிக்கொண்டேன். காது கொடுத்தேன். காக்கா கத்தியது, வேறு ஒன்றும் இல்லை.

"ஒண்ணும் வர்ல அத்த, வா" என்று கையை இழுத்தேன்.

இரண்டு எட்டு வைத்திருப்போம். கிறீச்சென்று டயர் தேய்ந்தது, புஸ்ஸென்று பிரேக் காற்று சீறியது, முகத்தில் அனல் அடித்தது. கண்ணைத் திறந்தால் எனக்கு நேர் எதிரே லாரியின் மூக்கு, அதில் கட்டிய எலுமிச்சம்பழம் இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறது. அதற்குள் அத்தை என் சடையைப் பிடித்துப் பின்னால் இழுத்திருந்தாள். இருவரும் மல்லாந்து விழுந்தோம். கூடை கவிழ்ந்து கருவாடு முழுக்கத் தார்ச்சாலையில். டிரைவர் இறங்கி வந்து வாயில் வந்தபடி திட்டினார். யாரோ நைனாவுக்குப் போன் போட்டார்கள்.

ஓரமாக உட்கார வைத்த அத்தைக்கு முழங்கையில் ரத்தம். என்னை அருகே இழுத்துத் தலை, தோள், கால் என்று தடவிப் பார்த்தாள். பிறகு காதோரம் மெல்லக் கேட்டாள். "கண்ண மூடிகினியா?"

"இல்ல அத்த."

முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

நைனா பைக்கை நிறுத்தியும் நிறுத்தாமலும் ஓடிவந்தார். என்னைப் பார்த்ததும் கையை ஓங்கினார். எனக்கு உயிரே இல்லை.

"கொயந்தய அடிக்காதடா. அது நில்லு நில்லுன்னுதான் சொல்ச்சி. நாந்தான் கேக்காம கால வச்சிட்டேன்," என்றாள் அத்தை.

ஓங்கிய கை இறங்கிவிட்டது. நைனா குனிந்து, கீழே கிடந்த கருவாட்டைக் கூடையில் அள்ளிப் போட்டார். "இனிமே வாணாம்க்கா," என்றார். இத்தனை மாதமாக இந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறவள், "சரிடா" என்றாள்.

அன்று வீட்டில் எனக்கு ஏக மரியாதை. அம்மா உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டாள். பொண்ணு உஷாரு, அது சொன்னதைக் கேட்டிருந்தால் இப்படி ஆகியிருக்குமா என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் சொல்லிவிட்டுப் போனார்கள். நைனா எனக்குப் பரோட்டா வாங்கி வந்தார். மாட்டிக்கொள்ளாமல் தப்பித்தோமே என்று நானும் வயிறு முட்டச் சாப்பிட்டேன். அத்தை மூலையில் உட்கார்ந்து, பொறுக்கி வந்த கருவாட்டில் ஒட்டியிருந்த மண்ணை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் ஆறரைக்குத் தானாகவே விழிப்பு வந்தது. அத்தை தலை வாரி, சேலை மாற்றி, கதவோரம் குந்தியிருந்தாள். இனிமேல் சீக்கிரம் எழுந்திருக்க வேண்டாம் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. சந்தோஷம் தாங்கவில்லை. போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு மறுபடியும் தூங்கிப்போனேன்.