தலையணை இல்லாத வீடு

1979 மார்கழியில் வடிவேலுவுக்குக் கால் வீங்கியது. பழவேற்காடு ஏரியில் ஆயுசெல்லாம் வலை போட்டவர். "உப்புத் தண்ணியில நின்ன காலு, ஊதாம இன்னா பண்ணும்?" என்று தள்ளிவிட்டார். ஆனால் மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டியது. சுருட்டிய வலையில் சாய்ந்து உட்கார்ந்தபடியேதான் தூங்கினார்.

இருதயம் தளர்ந்துவிட்டதென்று முன்பே மாத்திரை கொடுத்திருந்த டாக்டரம்மா மறுபடி குப்பத்துக்கு முகாம் வந்தபோது, மனைவி கோவிந்தம்மா வடிவேலுவை அழைத்துப் போனாள். வரிசையில் அவருக்குப் பின்னால் நின்றது ஊர்த்தலைவர் வீரராகவன்.

பொங்கல் கழிந்ததும் பாடு பிரிப்பார்கள். ஏரியில் யார் எந்த முறை எங்கே வலை போடுவது என்று சீட்டுக் குலுக்குவதுதான் பாடு. வலை இழுக்க முடியாதவருக்குச் சீட்டு இல்லை. அது மகனுக்குப் போகும். வடிவேலுவுக்கு மகன் இல்லை.

"எத்தனை தலையணை வெச்சுப் படுக்குறீங்க, தாத்தா?"

"எங்கூட்ல தலவாணியே கெடையாதும்மா."

தலையை உயர்த்தி வைக்காமலே மூச்சு வருகிறதென்று டாக்டரம்மாவுக்குத் திருப்தி. "படி ஏறினா இரைக்குதா?"

வீரராகவன் சிரித்தார். "குப்பத்துல படிக்கு எங்க போறது? லைட்டவுஸ் மேலதான் ஏறணும்."

"வேலை செய்ய முடியுதா?"

"போன மொற வலய நாந்தான் இழுத்தேன்."

கூட்டாளிகள் இழுக்க, இவர் படகோரத்தில் கயிற்றைத் தொட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்ததைக் கரையிலிருந்து பார்த்தவள் கோவிந்தம்மா.

"அப்போ மாத்திரையைப் பாதியாக் குறைச்சிடலாம்" என்றார் டாக்டரம்மா.

கோவிந்தம்மா தலைவரைப் பார்த்தாள். புருஷன் காலைப் பார்த்தாள். அழுத்தினால் குழி விழுகிற கால்.

"பொய்யி சொல்றாரும்மா. குந்திக்கினேதான் தூங்குறாரு. கரையிலேந்து ஊடு வர்றதுக்குள்ள நாலு எடத்துல நிக்கிறாரு."

"வாய மூடு கெய்வி!" என்றார் வடிவேலு. அதைச் சொல்வதற்குள்ளேயே இரைத்தது. வீரராகவன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

மாத்திரை கூடியது. வீக்கம் வடிந்தது. தை முடிவதற்குள் வடிவேலு பாயில் மல்லாந்து படுத்தார். அதற்குள் அவர் பேர் இல்லாமல் சீட்டும் குலுக்கியாகிவிட்டது. வீரராகவனே வாசலுக்கு வந்து, "கோச்சிக்காத மாமா. ஊருக்கெல்லாம் ஒரே ஞாயம். கொழம்புக்கு மீனு வந்துரும்" என்றார். வடிவேலு தலையை ஆட்டினார்.

சொன்னபடி மீன் வந்தது. அவர் தொடவில்லை, ரசம் ஊற்றிச் சாப்பிட்டார். படகுகள் கிளம்பும் நேரத்தில் கதவைச் சாத்தச் சொன்னார். கோவிந்தம்மாவோடு பேச்சைக் குறைத்துக்கொண்டார்.

ஒருநாள் மாத்திரையையும் தண்ணீரையும் நீட்டியவள் பொறுக்கமாட்டாமல் கேட்டாள்: "மூச்சு இப்ப நல்லாத்தானே கீது?"

"கீது."

"அப்பால இன்னாய்யா?"

"அதான் நானும் கேக்குறேன். அப்பால இன்னா?"

அவர் விழுங்கும்வரை செம்பைப் பிடித்தபடி நின்றாள்.