செம்பருத்தி ஒயினும் டபரா செட்டும்

கோந்த்வாவில் தான் குடியிருக்கும் சொசைட்டியில் விழா என்று எது வந்தாலும் சூர்யநாராயணனுக்கு ஒரே வேலைதான்: நாற்காலி போடுவது. பன்னிரண்டு வருடமாக. வங்கி மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவரை எல்லோரும் மராத்தியில் 'குர்ச்சி காகா', அதாவது நாற்காலி மாமா, என்றே கூப்பிட்டார்கள். அதனால் இந்த மே மாத விருந்துக்கு பானம் யார் பொறுப்பு என்று செக்ரட்டரி வைஷாலி கேட்டதும், முதலில் உயர்ந்த கை அவருடையது.

"குடிச்சே பழக்கமில்லை, கலக்கித் தரப் போறேளாக்கும்!" என்றாள் மனைவி பட்டு.

"ரசம் வைக்கறவா எல்லாரும் தக்காளி பயிர் பண்ணிண்டா இருக்கா?"

செய்முறை, பெங்களூரிலிருந்து மகள் மீனு அனுப்பியது. காய்ந்த செம்பருத்தியைக் கொதிக்கவிட்டுச் சர்க்கரைப் பாகு, கொஞ்சம் எலுமிச்சை, மேலே சில்லென்று, குமிழிவிடும் ஸ்பார்க்லிங் ஒயின். பாகு அமோகமாக வந்தது. பட்டுவே இரண்டு ஸ்பூன் ருசி பார்த்துவிட்டு, குறை சொல்ல ஒன்றும் அகப்படாமல் ஃபிரிட்ஜை மூடினாள்.

சாயங்காலம் மொட்டை மாடியில் இருபது பேர் சுற்றி நின்றார்கள். முதல் கிளாஸில் பாகு அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. ஒயின் சம்பந்தமே இல்லாததுபோல் மேலே நின்றது. யாரோ சிரித்தார்கள். சூர்யநாராயணனுக்கு வியர்த்தது. மறுபடியும் நாற்காலிதானா?

"பட்டு, ஆத்துக்குப் போய் பெரிய டம்ளர் டபராவைக் கொண்டா."

"எதுக்குன்னா?"

"கலக்க வேண்டாமா?"

முப்பத்தைந்து வருடம் காலைக் காபி ஆற்றிய கை. டம்ளர் தலைக்கு மேல், டபரா இடுப்புக்குக் கீழ், ஒரே வீச்சு. ரோஸ் நிற நுரை பொங்கி அவருடைய வெள்ளைக் குர்த்தாவில் வழிந்தது.

"அரே வா, காகா!"

கைதட்டல். செல்போன்கள் உயர்ந்தன. அந்த உற்சாகத்தில் வாங்கிவைத்த ஐந்து பாட்டிலையும் ஆற்றித் தீர்த்தார்.

நுரை அடங்கியது. கிளாஸ்களில் சிவப்பாக, சமர்த்தாக ஏதோ இருந்தது. மருந்துக்கு ஒரு குமிழி இல்லை.

வைஷாலி ஒரு வாய் குடித்தாள். "காகா, சர்பத் ஏக்தம் மஸ்த்! வைன் கப் ஆயேகா?" சர்பத் பிரமாதம், ஒயின் எப்போது வரும் என்று உண்மையாகவே கேட்டாள்.

பட்டு தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சாப்பாடு முடிவதற்குள் கமிட்டி அங்கேயே கூடித் தீர்மானித்துவிட்டது. நாற்காலி இனி மூன்றாம் மாடி சந்திரமௌலிக்கு. காகாவுக்கு எல்லா விழாவிலும் காபி. எல்லோர் எதிரிலும், அதே உயரத்திலிருந்து ஆற்ற வேண்டும்.

"பாத்தியா, பதவி உயர்வு!" என்றார் படியிறங்கும்போது.

"முதல்ல அந்தக் குர்த்தாவைக் கழட்டுங்கோ. கறை படியறதுக்குள்ள ஊறப்போடணும்."