பாதியில் நின்ற மருதாணி

ரூக்ஷாருக்கு முதலில் கை பழக்கமாகும், அப்புறம்தான் முகம். மருதாணி வைத்துக்கொள்ள வந்து உட்காருகிற பெண்ணின் விரல்களைத் தன் உள்ளங்கையில் வாங்கியதுமே, அவள் சரியாகத் தூங்கினாளா, யாரிடமாவது கோபித்துக்கொண்டு வந்தாளா என்று ஏதோ ஒன்று இவளுக்குள் வந்து இறங்கிவிடும். கேட்டுத் தெரிந்துகொள்வதில்லை. ஈரத் துணியில் மை பரவுகிற மாதிரி அது பாட்டுக்குப் பரவும். சில நாள் அது உண்மையாக இருக்கும், சில நாள் வெறும் பிரமை. எதுவானாலும் அதைத் துடைத்துப் போட அவளுக்குத் தெரியாது.

ஒலிமுகமதுபேட்டையில் அவள் வளர்ந்த சந்தில் அவளுக்குத் தொட்டாச்சிணுங்கி என்று பெயர். கருட சேவைக்கு வெடி போட்டால் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வாள். யாராவது ஒரு சொல் அதட்டிச் சொன்னால் அன்றைக்குச் சோறு இறங்காது. சாயம் ஏற்றி வெயிலில் தொங்கவிட்ட பட்டு நூலின் சிவப்பைப் பார்த்தபடி, பள்ளிக்கூடம் போகிற நினைப்பே இல்லாமல் தெருவில் நின்றிருக்கிறாள்.

அவளை ஆபா என்று கூப்பிடும் தங்கை நாஸியா அப்படியில்லை. கூட்டம் என்றால் அவளுக்குக் கொண்டாட்டம். அக்காவின் கை நடுங்காமல் கோடு இழுக்கும் என்று கண்டுபிடித்து, போனில் படங்களைப் போட்டு, கல்யாண ஆர்டர்களைப் பிடித்து வந்தவள் அவள்தான். பல்லக்கு, மயில், மாப்பிள்ளையும் பொண்ணும் எதிரெதிரே நிற்கிற படம் என்று யாரோ எந்த ஊரிலோ வரைந்த டிசைனைப் பெண் வீட்டார் போனில் நீட்டுவார்கள். ரூக்ஷார் அதை அப்படியே இறக்கி வைப்பாள். ஒரு புள்ளி பிசகாது. எல்லாரும் மெச்சுவார்கள். வீட்டுக்கு வந்தபின் தான் வரைந்தவற்றில் ஒன்றாவது நினைவுக்கு வருகிறதா என்று யோசித்துப் பார்ப்பாள். வராது.

பிள்ளையார்பாளையத்துப் பக்கம் ஒரு மண்டபத்தில் ஜெயப்ரியாவின் கல்யாணம். முந்தின நாள் மாலை மணமகள் அறையில் உட்கார்ந்து ரூக்ஷார் அவளுக்கு மருதாணி வைத்துக்கொண்டிருந்தாள். கீழே ஸ்பீக்கர் அதிர்ந்ததில் சுவரில் மாட்டியிருந்த கண்ணாடி கிணுகிணுத்தது. மல்லிகைப்பூ, ஹேர் ஸ்பிரே, பிரியாணி மசாலா எல்லா வாசனையும் ஒன்றாக வந்து நெற்றியில் மோதியது. அதையும் தாண்டி அந்தப் பெண்ணின் கை. இறுக்கமாக, ஏதோ ஒரு பொருளை விழாமல் பிடித்துக்கொண்டிருப்பது போல இருந்தது.

"அம்மா இருந்தா இந்தக் கலரு புடவை எடுக்க விட்டிருக்க மாட்டாங்க" என்றாள் ஜெயப்ரியா, யாரிடமோ சொல்வதுபோல.

ரூக்ஷார் மயிலின் கழுத்தை வரைந்துகொண்டிருந்தாள். கண்ணீர் பார்வையை மறைத்தது. நிறுத்தியிருக்கலாம், நிறுத்தவில்லை. சொட்டு ஒன்று மயிலின் மேல் விழுந்து பரவியது.

"அழாதீங்கக்கா" என்று ஜெயப்ரியா மெல்லக் குனிந்தாள். "அப்புறம் நானும் அழுதுடுவேன். காலையிலேர்ந்து அழாம உக்காந்துக்கினு இருக்கேன்."

அதற்குள் பெண்ணின் அத்தை பார்த்துவிட்டார். "இன்னாமா இது? நல்ல நாள் அதுவுமா அழுதுக்கினு மருதாணி வெக்கிற?" அவர் கத்தவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டார். ஆனால் ரூக்ஷாரின் விரல்கள் அதன்பின் மருதாணிக் கோனைப் பிடிக்க மறுத்துவிட்டன. நாஸியா வந்து அக்காவை நகர்த்திவிட்டு, கலைந்த இடத்தில் பெரிதாக ஒரு தாமரையைப் போட்டு மூடி, மிச்சத்தை முடித்தாள்.

வீட்டுக்குத் திரும்பும்போது ஆட்டோவில் நாஸியா கேட்டாள். "உனுக்கு இன்னா ஆச்சு ஆபா?"

"அந்தப் பொண்ணு கை ஜில்லுன்னு இருந்துச்சு."

"ஏசி ரூம்ல ஜில்லுன்னுதான் இருக்கும்."

தனக்குத் தோல் ஒரு சுற்றுக் குறைவாகப் படைக்கப்பட்டுவிட்டது என்று ரூக்ஷார் நம்பத் தொடங்கியது அன்றைக்குத்தான். அதன்பின் அவள் கோனைத் தொடவில்லை. நாஸியா தனியே ஆர்டர்களுக்குப் போனாள். ரூக்ஷார் வீட்டில் சேலைகளுக்கு ஓரம் தைத்துக் கொடுத்தாள். துணிக்கு மனசு இல்லை, அது நிம்மதியாக இருந்தது. ஆனால் தூக்கத்தில் கைகள் வந்தன. முகமில்லாத கைகள், தண்ணீருக்கடியில் இலைகள்போல அசைந்துகொண்டு.

ஐப்பசி மழையில் தாமல் ஏரி நிரம்பி, உபரிநீர் போகிற கலங்கலில் வழிகிறது என்று ஊரே கிளம்பிப் போனது. அண்ணன் ஜுனைத் தன் ஆட்டோவில் தங்கைகளையும் ஏற்றிக்கொண்டான். நாஸியா செல்ஃபி எடுக்கப் போய்விட்டாள். ரூக்ஷார் ஆள் இல்லாத ஓரமாக நடந்து, ஏரி நீர் மண்ணில் மெல்லியதாகப் பிரிந்து ஓடுகிற இடத்தில் குந்தினாள். ஒரு ஓடை இரண்டாகும், இரண்டில் ஒன்று வழியிலேயே மண்ணுக்குள் போய்விடும். இன்னொன்று ஒரு கல்லைச் சுற்றிக்கொண்டு போகும். நடுவில் பெரிய பெரிய இடங்களைத் தண்ணீர் தொடவே இல்லை. அந்தத் தொடாத இடங்களைத்தான் அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். சுற்றிலும் தண்ணீரில் வானம் சாம்பல் நிறமாகப் படுத்திருந்தது. எவ்வளவு நேரம் அப்படி இருந்தாளோ, ஜுனைத் வந்து தோளைத் தொட்டபோது அவள் காது இரைச்சலில்லாமல் இருந்தது. அத்தனை ஜனம் அத்தனை சத்தம் போட்டும்.

மறுநாள் மத்தியானம் கோனை எடுத்தாள். போனைப் பார்க்கவில்லை. தன் இடது உள்ளங்கையைப் பார்த்தாள். அங்கே ஏற்கெனவே இருந்த ரேகை ஒன்றின் கூடவே கோனை நடத்திப் போனாள். அது பிரிகிற இடத்தில் பிரிந்தாள், தேய்கிற இடத்தில் விட்டுவிட்டாள். மணிக்கட்டருகே நாலைந்து புள்ளிகள், அவ்வளவுதான். மிச்சக் கையெல்லாம் வெறுமையாக இருந்தது.

நாஸியா வந்து பார்த்தாள். "ஏன் பாதியில நிறுத்திட்ட?"

"முடிஞ்சிடுச்சு."

"இதுக்கு யாரு வருவாங்க ஆபா?"



வந்தவர் அகிலா. பக்கத்துத் தெருவில் இருக்கும் கணக்கு டீச்சர். கணவர் இறந்து பல வருஷம் கழித்து, கூட வேலை பார்க்கும் ஒருவரை மணந்துகொள்ள முடிவெடுத்திருந்தார். பதிவுத் திருமணம், பந்தல் கிடையாது. நாஸியாவைத் தேடித்தான் வந்தார், அவள் வேலூர் போயிருந்தாள்.

"கை நெறய வேணாம்மா. இந்த வயசுல சிரிப்பாங்க. ஆனா ஒண்ணுமே வெக்காம போறதுக்கும் மனசு வரல."

ரூக்ஷார் டிவியை நிறுத்தினாள். அவர் கையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள். சாக்கட்டியால் வறண்ட விரல்கள். பயம் கொஞ்சம் இருந்தது, அதற்கடியில் குழந்தைத்தனமாக ஒரு சந்தோஷமும் ஒளிந்திருந்தது. இந்தத் தடவை அது தனக்குள் பரவுவதை அவள் தடுக்கவில்லை. கண் நிறைந்தபோது கோனைக் கீழே வைத்து, துடைத்துக்கொண்டு, மறுபடி எடுத்தாள். மன்னிப்புக் கேட்கவில்லை.

முடிந்ததும் அகிலா வெகுநேரம் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது எந்த ஊரு டிசைன்?"

"தெரியல மேடம். உங்க கையப் பாத்தப்ப இப்படித்தான் வந்துது."

ஒரு வாரம் கழித்து அகிலா சிரித்துக்கொண்டே வந்து சொன்னார், ஸ்டாஃப் ரூமில் மருதாணி தீர்ந்துபோச்சா என்று கேட்டார்களாம். கேட்டவர்களில் ஒருத்தியே அடுத்த வாரம் வந்தாள்.

எல்லாரும் வந்துவிடவில்லை. ஒரு பெண்ணின் அம்மா, இதென்ன வெறும் கையாக இருக்கிறது, ஒரு மயிலாவது போடு என்று நின்றார். ரூக்ஷார் முயன்றாள். மயில் அவள் கையிலிருந்து இறங்கவே மறுத்தது. நாஸியாவைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள். அப்படியே வழக்கமாகிவிட்டது. மண்டபங்கள் தங்கைக்கு, வீட்டின் முன்னறை அக்காவுக்கு. பகல் வெளிச்சத்தில், ஒரு நேரத்தில் ஒருவர்தான். இன்றைக்கும் சில கைகளைப் பிடித்தபின் ஒரு நாள் முழுக்கப் படுத்துக்கிடக்க வேண்டியிருக்கிறது அவளுக்கு. நாஸியா அதையும் கணக்கில் எடுத்துத்தான் ஆள்களை வரச் சொல்கிறாள்.

போன மாதம் காவேரி என்று ஒரு பெண் வந்தாள். ஸ்ரீபெரும்புதூர் கம்பெனியில் நைட் ஷிப்ட் முடித்து, பஸ்ஸை விட்டு இறங்கி நேராக வந்திருந்தாள். கல்யாணம், காட்சி எதுவும் இல்லை. "சும்மாதான்க்கா, யாராவது கையப் புடிச்சிக்கினு இருந்தா நல்லா இருக்கும்னு தோணுச்சு" என்றாள். சொல்லிவிட்டு, ரூக்ஷார் முதல் கோட்டை இழுப்பதற்குள் சுவரில் சாய்ந்து தூங்கிப்போனாள்.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. தூங்குகிற கை கனமாக, நம்பிக்கையாக இருந்தது. ரூக்ஷார் மெல்ல வரைந்தாள், சுண்டுவிரலோரம் ஒரே ஒரு கொடி. கோனை வைத்துவிட்டும் கையை விடவில்லை. நாஸியா நனைந்துகொண்டு உள்ளே வந்து, ஏதோ சொல்ல வாயெடுத்து, பார்த்ததும் சத்தமில்லாமல் செருப்பைக் கழற்றிவிட்டு எதிரே உட்கார்ந்துகொண்டாள்.