போய்ச் சேராத பச்சை டிக்

அலுவலகத்தில் அவளுக்கு வைத்திருந்த பெயர் முட்டுக்கட்டை. முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. ஆனால் அவள் மேசை அச்சு இயந்திரத்தை ஒட்டியிருந்தது. காகிதம் எடுக்க வருகிறவர்கள் எவ்வளவுதான் குரலைத் தாழ்த்தினாலும் காதில் விழாமலா போகும்? அதற்காக அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதில்லை. மற்றவர்கள் எழுதும் மென்பொருளை வெளியே அனுப்புமுன் போட்டு உடைத்துப் பார்ப்பதுதான் அவள் வேலை. இல்லாத தேதியைக் கொடுப்பாள், ஒரே பொத்தானை விடாமல் தட்டுவாள், பாதியில் போனை அணைப்பாள். உடைந்தால் திருப்பி அனுப்பிவிடுவாள்.

“இவ்வளவு சோதிக்கிறீங்களே அண்ணி, எங்க அண்ணனை எப்படி பாஸ் பண்ணி விட்டீங்க?” என்று நாத்தனார் கேலி செய்வாள்.

நாத்தனார் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ். யாருக்கு என்ன மருந்து கொடுத்தாயிற்று என்று அங்கே போனில்தான் பதிவார்கள். அந்தச் செயலி அண்ணியின் கம்பெனி செய்தது. ஒரே குடும்பத்தில் ஒருத்தி சோதிப்பதும் இன்னொருத்தி பயன்படுத்துவதும் முதலில் இருவருக்கும் வேடிக்கையாகத்தான் இருந்தது.

தகராறு ஆரம்பித்தது ஒரு சக்கரத்தில். மருந்து கொடுத்துவிட்டு ‘சேமி’ என்று தட்டினால், தகவல் கம்பெனியின் கணினிக்குப் போய்ச் சேரும்வரை திரையில் ஒரு சக்கரம் சுற்றும். சேர்ந்தபிறகு பச்சை டிக் வரும். சக்கரம் நிறைய நேரம் சுற்றுகிறது என்று இல்லங்களிலிருந்து புகார் வந்தது. டீம் லீடர் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். எல்லாவற்றையும் சட்டுபுட்டென்று முடிக்கச் சொல்வதால் அவருக்கும் சட்டுபுட்டு என்று ஒரு பெயர் இருந்தது.

“தட்டின உடனே டிக் காட்டிடுவோம். தகவல் பின்னாடி மெதுவா போகட்டும். யாருக்குத் தெரியப்போவுது?”

“போகலைன்னா?” என்றாள் அவள்.

“போயிடும்மா. நூத்துக்குத் தொண்ணூத்தொம்பது போயிடும்.”

“போகாத அந்த ஒண்ணு யாரோட மருந்து சார்?”

அறையில் இருந்த நாலைந்து பேரும் மேசையைப் பார்த்துக்கொண்டார்கள். மறுபடியும் முட்டுக்கட்டை என்று நினைத்திருப்பார்கள். அவள் ‘அனுப்பக் கூடாது’ என்று குறித்தாள். சட்டுபுட்டு மேலதிகாரியிடம் பேசி அந்தக் குறிப்பை எடுக்க வைத்தார். புதிய செயலி வெளியே போனது. வேகமாக இருக்கிறது என்று எல்லா இல்லங்களும் பாராட்டின. நாத்தனாரும் பாராட்டினாள். “இப்பத்தான் அண்ணி உருப்படியா ஒண்ணு செஞ்சிருக்கீங்க” என்றாள். வீட்டிலும் முட்டுக்கட்டை போட வேண்டாமென்று அண்ணி வாயை மூடிக்கொண்டாள்.

சில வாரம் கழித்து ஒரு மாலை, நாத்தனார் வேலையிலிருந்து நேரே அவர்கள் வீட்டுக்கு வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். சீருடை கசங்கியிருந்தது.

இல்லத்தில் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் இருந்தார். சர்க்கரை நோயாளி. காலையில் சாப்பாட்டுக்கு முன் அவருக்கு இன்சுலின் ஊசி போட வேண்டும். அன்று ஷிப்ட் முடிந்து போகும் நர்ஸ் ஊசியைப் போட்டு, பதிந்து, பச்சை டிக்கைப் பார்த்துவிட்டுச் செயலியை மூடிவிட்டாள். வாத்தியார் அறை பின்கட்டில், தடித்த சுவர்களுக்கு நடுவே. அங்கே சிக்னல் எடுக்காது. தகவல் போனை விட்டு நகரவேயில்லை. செயலியை மூடியதும் அதுவும் அழிந்துபோனது. அடுத்த ஷிப்டுக்கு வந்த நாத்தனாரின் திரையில் ‘இன்னும் கொடுக்கவில்லை’ என்று இருந்தது.

“அவர் சொன்னாரு அண்ணி. ‘இப்பத்தானே குத்துனாங்க, மறுபடியுமா’ன்னு கேட்டாரு. அவருக்கு ஞாபகம் நிக்காது. சாப்பிட்டுட்டுச் சாப்பிடலைம்பாரு. நான் போனைப் பாத்தேன். போன்ல இல்ல. ‘இல்ல சார், இன்னும் போடல’ன்னு தட்டிக் கொடுத்துக் குத்திட்டேன்.”

கொஞ்ச நேரத்தில் வாத்தியாருக்கு வியர்த்துக் கொட்டியது. கை நடுங்கி, நாக்குக் குழறி, கட்டிலில் சரிந்துவிட்டார். நல்லவேளை, டாக்டர் அப்போது வார்டிலேயே இருந்தார். குளுக்கோஸ் ஏற்றிக் காப்பாற்றினார்கள்.

“மனுஷன் வாயால சொல்றாரு. நான் மெஷினை நம்பியிருக்கேன்” என்று நாத்தனார் அழுதாள். முந்தைய ஷிப்ட் நர்ஸ் பதிந்தேன் என்று சத்தியம் செய்தும் யாரும் நம்பவில்லையாம். இரண்டு பேரும் இனி மருந்துத் தட்டைத் தொடக் கூடாது, படுக்கை விரிக்கிற வேலைதான் என்று சொல்லிவிட்டார்களாம்.

கேட்டவுடனே அண்ணிக்குப் புரிந்துவிட்டது, தகவல் போகாமலே டிக் காட்டியிருக்கிறது என்று.

மறுநாள் அலுவலகத்தில் சோதனைப் போனை எடுத்துக்கொண்டு லிஃப்டுக்குள் போனாள். கதவு மூடியதும் சிக்னல் அறுந்தது. ‘சேமி’ தட்டினாள். பச்சை டிக் வந்தது. செயலியை மூடினாள். வெளியே வந்து திறந்தாள். பதிவைக் காணோம். ஆத்திரம் தீராமல் திரும்பத் திரும்பச் செய்துவிட்டு, சட்டுபுட்டுவைக் கையோடு அழைத்துவந்து காட்டினாள்.

அவர் பார்த்தார். “லிஃப்ட்ல யாரும்மா ஊசி போடறாங்க?” என்றார்.

அவளுக்குச் சிரிப்பதா கத்துவதா என்று தெரியவில்லை. “சார், சேமிச்சுட்டேன்னு திரை சொல்லுது. சேமிக்கல. மனுஷன் இப்படிச் சொன்னா அதுக்குப் பேரு பொய்.”

“பெரிய வார்த்தையெல்லாம் வேணாம். சரி பண்ணிடலாம்.”

சரி பண்ணத்தான் செய்தார்கள். ஆனால் அதற்கு முன்பே இல்லம் கேட்டிருந்த விளக்கத்துக்குக் கம்பெனியின் பதில் போய்விட்டது. செயலியில் கோளாறு இல்லை, நர்ஸ் பதியத் தவறியிருக்கிறார் என்று. அவள் அதை மாற்றச் சொல்லிக் கேட்டாள். அது வக்கீல்கள் பார்க்கிற விஷயம், உனக்கெதுக்கு என்றார்கள்.

அவள் பிடிவாதத்தால் பழைய சக்கரம் திரும்பி வந்தது. தகவல் போய்ச் சேராமல் டிக் இல்லை. ஒருவழியாக நியாயம் நடந்தது என்று அவள் நிம்மதியானாள். அந்த நிம்மதி நாத்தனாரைப் பார்க்கும்வரைதான்.

“உங்க சக்கரத்தைக் கொண்டுபோய்க் குப்பையில போடுங்க அண்ணி” என்றாள் நாத்தனார். “பின்கட்டுல அது நிக்கவே மாட்டேங்குது. எத்தனை பேர் காத்திருக்காங்க, அதைப் பாத்துக்கிட்டு நிக்க முடியுமா? எல்லாரும் உள்ளங்கையில எழுதிக்கிட்டு, ஷிப்ட் முடியும்போது மொத்தமாத் தட்டறாங்க. கை கழுவினா அதுவும் போச்சு.”

அவள் நம்பவில்லை. ஒருநாள் விடுப்பெடுத்து நேரிலேயே போய்ப் பார்த்தாள். உண்மைதான். பேனா மை படிந்த உள்ளங்கைகள். ஒரு நர்ஸ் குழாயடியில் நின்று, கையைக் கழுவலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தாள். அண்ணிக்கு வந்த எரிச்சலில் பாதி சட்டுபுட்டு மேல், மீதி தன் மேலேயே. உண்மை சொன்னால் போதும் என்று நினைத்திருந்தாள். உண்மையைச் சொல்கிற செயலியை ஒருத்தரும் பயன்படுத்த முடியாவிட்டால் அந்த உண்மை யாருக்கு? இத்தனை வருடம் செயலியைத் தட்டித் தட்டிச் சோதித்தவள், அதைப் பிடிக்கும் கை எங்கே நிற்கிறது என்று இதுவரை ஒருமுறைகூட வந்து பார்த்ததில்லை.

திரும்பி வந்து இன்னொரு வழி சொன்னாள். தட்டியதும் தகவலைப் போனிலேயே பத்திரமாக எழுதிவிட வேண்டும். மூடினாலும் அணைத்தாலும் அழியக் கூடாது. திரையில் ஆரஞ்சு நிறத்தில் ‘இந்தப் போனில் மட்டும் இருக்கிறது, இன்னும் போகவில்லை’ என்று காட்ட வேண்டும். நர்ஸ் அடுத்த ஆளிடம் போகலாம். சிக்னல் வந்ததும் தானாகப் போய்ச் சேர்ந்து பச்சையாகும். ஷிப்ட் முடிந்து கிளம்பும்போது ஆரஞ்சு பாக்கியிருந்தால் போன் கத்த வேண்டும்.

“ஆரஞ்சைப் பாத்தா வேலை பாதியில நிக்கற மாதிரி இருக்கே” என்றார் சட்டுபுட்டு.

“பாதியிலதான் சார் நிக்குது.”

“செயலியை வாங்கற இல்லத்துக்காரங்க பயந்துடுவாங்க.”

“பயப்படட்டுமே. தெரியாததைத் தெரியாதுன்னு சொன்னாத்தான் நர்ஸுங்க விசாரிப்பாங்க. அன்னிக்கு ஆரஞ்சு இருந்திருந்தா அந்த நர்ஸ் கிளம்பும்போது வாயால சொல்லிட்டுப் போயிருப்பா.”

நிறத்துக்கு ஒரு கூட்டம், வாசகத்துக்கு ஒரு கூட்டம் என்று மாதங்கள் ஓடின. கடைசியில் ஆரஞ்சு வந்தது. கம்பெனி அதைப் ‘புதிய வசதி’ என்று விளம்பரம் செய்தது. பழைய டிக் பொய் சொன்னதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நாத்தனார் இன்னும் படுக்கைதான் விரித்துக்கொண்டிருந்தாள்.

அதற்குமேல் அவளுக்குப் பொறுக்கவில்லை. பழைய செயலி இருந்த போனை எடுத்துக்கொண்டு, இல்லத்தின் மேற்பார்வையாளர் அம்மாவிடம் போனாள். வாத்தியார் அறைக்கு வெளியே நிறுத்தி, தட்டிக் காட்டினாள், மூடிக் காட்டினாள், திறந்து காட்டினாள்.

அந்த அம்மா வெறுமையான திரையிலிருந்து நிமிர்ந்தார். “இதை ஏன் அப்பவே எங்ககிட்ட சொல்லலை?”

“சொல்ல விடலைம்மா.”

“உங்களுக்கு வாய் இல்லையா?”



நர்ஸ்கள் இருவர் மேலும் இருந்த குற்றம் நீங்கியது. மருந்துத் தட்டு நாத்தனார் கைக்குத் திரும்பியது. ஆனால் முந்தைய ஷிப்ட் நர்ஸ் அதற்குள் வேலையை விட்டுப் போயிருந்தாள். எங்கே போனாள் என்று யாருக்கும் தெரியவில்லை. அலுவலகத்தில் அண்ணியைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டார்கள். மருந்துச் செயலியிலிருந்து எடுத்து, ஊழியர்கள் விடுப்புக் கேட்கும் செயலியைச் சோதிக்கப் போட்டார்கள். சட்டுபுட்டுவுக்குப் பதவி உயர்வு வந்தது.

“வாத்தியார்கிட்ட யாராவது மன்னிப்புக் கேட்டாங்களா?” என்று ஒருநாள் அவள் கேட்டாள். நாத்தனார் உதட்டைப் பிதுக்கினாள். அந்த ஞாயிற்றுக்கிழமையே இருவரும் சேர்ந்து போனார்கள்.

வாத்தியார் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். நாத்தனார் அவர் பக்கத்தில் குனிந்து, “சார், அன்னிக்கு ஊசி போட்டாச்சுன்னு நீங்க சொன்னது சரிதான். நாங்கதான் நம்பல. மன்னிச்சிடுங்க” என்றாள்.

“எந்த ஊசி?” என்றார் அவர்.

அண்ணி முதலிலிருந்து சொன்னாள். போன், டிக், சிக்னல் எல்லாம். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். ஒன்றும் அவர் மனதில் ஏறவில்லை. இவர்கள் யாருக்காகவோ வருத்தப்படுகிறார்கள் என்பது மட்டும் அவருக்குப் புரிந்த மாதிரி இருந்தது.

“பாவம், அந்த மனுஷன் இப்ப நல்லா இருக்காரா?” என்று விசாரித்தார்.

“இருக்காரு சார்” என்றாள் அண்ணி. சொல்லிவிட்டு எழுந்து வெளியே வந்து, தாழ்வாரத்துச் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றாள்.