ரெண்டு என்றால் எவ்வளவு

அம்பிட்டிய வீதியில், மலையை வெட்டி எழுப்பிய கல்மதிலை ஒட்டி வரும்போதுதான் அந்த எண்ணம் வந்தது. திறந்த வெளியில் என் பைக்கின் சத்தம் காற்றோடு போய்விடும். மதில் பக்கம் வந்தால் திரும்பி என் காதிலேயே விழும். டிக் டிக் டிக். யாரோ கரண்டியால் தகரக் குவளையைத் தட்டிக்கொண்டே கூட வருகிற மாதிரி. வெள்ளிக்கிழமை, வேலை விட்டு வந்துகொண்டிருந்தேன். இதை நானே சரிசெய்தால் என்ன? தோன்றிய உடனேயே, மூன்றாம் கியரில் போய்க்கொண்டே, மனதுக்குள் எஞ்சினைக் கழற்ற ஆரம்பித்துவிட்டேன்.

பைக் என்னைவிட வயதில் மூத்தது. ஜப்பானில் செய்த நூற்றிருபத்தைந்து சிசி. நம்பர் தகட்டில் இன்னும் அந்தக் காலத்து ‘ஸ்ரீ’ எழுத்து இருக்கிறது. மடுல்கெல்லயிலிருந்து கண்டிக்கு வேலைக்கு வந்த முதல் வருஷம் வாங்கினேன். என் வேலை வீடு கட்டுவதற்கான படம் வரைவது. வெள்ளி மாலை கணினியை அணைத்தால் திங்கள் காலை வரை என் குரலுக்கு வேலை இல்லை. சாப்பாட்டுக் கடையில் “ஒரு பார்சல்” என்பேன், அவ்வளவுதான். சில ஞாயிறுகளில் அதைச் சொல்வதற்கு முன்னால் தொண்டையைச் செருமிக்கொள்ள வேண்டியிருக்கும்.

அதனால்தான் பௌர்ணமி விடுமுறையான போயா நாள் கூட்டம் எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது. பழைய பைக்குக்காரர்கள் ஏழு பேர், போயாவுக்குப் போயா காலையில் கட்டுகஸ்தோட்டையில் கூடி மலைப்பக்கம் போய்வருவார்கள். அங்கே உதிரிப்பாகக் கடை வைத்திருக்கும், எல்லோரும் அண்ணன் முறையில் ‘நானா’ என்று கூப்பிடும் முஸ்லிம் பெரியவர்தான் அவர்களுக்குத் தலை. அந்த வெள்ளிக்கு முந்தின போயாவுக்கு நானும் போய் நின்றேன். கலகெதரையில் ஹார்ட்வெயார் கடை நடத்தும் ஒருவர் என் எஞ்சின் பக்கம் குனிந்து காது கொடுத்தார்.

“தம்பி, இது பைக்கா, தையல் மெஷினா? என் சட்டையில ரெண்டு பொத்தான் அறுந்து போச்சு. போற வழியிலேயே தச்சுக் குடுத்துருங்க.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நானா மட்டும் கையைக் காட்டி அடக்கினார்.

“சும்மா இரிங்க. டெபட் லூஸாகி இரிக்கி, வேற ஒண்ணுமில்ல. தம்பி, இதோட ஏத்தத்துக்கு வராதீங்க. சரியாக்கிட்டு அடுத்த போயாவுக்கு வாங்க.”

“எவ்வளவு வைக்கணும் நானா?”

“ரெண்டு வைங்க. எஞ்சின் நல்லா ஆறின பொறகு.”

அவர்கள் போனார்கள். பாலத்தில் ஏழு எஞ்சின்களும் போகிற சத்தம் தேயும்வரை நின்று கேட்டுவிட்டு என் வாடகை அறைக்குத் திரும்பினேன்.

டெபட் பார்ப்பது ஒன்றும் மந்திரமில்லை. வால்வை அமுக்கித் திறக்கிற சின்னக் கைக்கும் வால்வின் தலைக்கும் நடுவில் மயிரிழை இடைவெளி வேண்டும். அது கூடினால் தட்டும். அந்த இடைவெளியை அளக்க ஃபீலர் கேஜ் இருக்கிறது. விசிறி மாதிரி விரியும் மெல்லிய உருக்குத் தகடுகள், ஒவ்வொன்றிலும் அதன் கனம் பொறித்திருக்கும். சனிக்கிழமை காலை, எஞ்சின் இரவு முழுக்க ஆறிக் கிடந்தது. இரண்டு மூடிகளைக் கழற்றினேன். எஞ்சினின் பக்கவாட்டில் இருக்கும் சுழல்சக்கரத்தைத் திருப்பி, ‘டி’ குறி கோட்டோடு சேர்கிற இடத்தில் நிறுத்தினேன். 0.02 என்ற தகட்டை விரித்துச் செருகினேன். தாளைவிட மெல்லிசு. நட்டைத் தளர்த்தி, திருகி, தகடு இழுபடும் பதம் பார்த்து மறுபடி இறுக்கினேன். ஒன்பது மணிக்கு முன்பே முடிந்துவிட்டது.

உதைத்தேன். டிக் டிக் இல்லை. எஞ்சின் பூனை மாதிரி ஓடியது. கைப்பேசியில் பதிவு செய்தேன். யாருக்கு அனுப்பலாம் என்று பெயர்களைத் தள்ளிக்கொண்டே போனேன். டெபட் என்றால் என்ன என்று கேட்காத ஒருவரும் அதில் இல்லை. திரும்ப நானே கேட்டேன். அந்த வாரம் ஒருநாள் வீட்டுக்கார அம்மா நான் உள்ளே வந்தது தெரியாமல், எனக்காக கேட்டைப் பூட்டாமல் வைத்திருந்தார். “முந்தி சத்தத்த வச்சு நீங்க வந்துட்டீங்கன்னு தெரியும். இப்ப வர்றீங்களா போறீங்களான்னே தெரியல” என்றார்.

போயா அன்று கூட்டத்தின் வாலில் எனக்கு இடம் தந்தார்கள். கலகெதரைக்காரர் காதை நீட்டிவிட்டு, “அட, ஊமையாக்கிட்டாரே!” என்றார். தெல்தெனிய தாண்டும்வரை உலகத்தில் என்னைவிடச் சந்தோஷமான ஆள் இல்லை. ஹுன்னஸ்கிரிய ஏற்றத்தில் எஞ்சின் சூடேறியதும் இழுவை கரைந்தது. மூன்றிலிருந்து இரண்டு, இரண்டிலிருந்து ஒன்று. பின்னால் குழாய் பட் பட்டென்று இருமியது. ஒரு வளைவில் அப்படியே நின்றுவிட்டது. உதைத்தால் கிக்கரில் எதிர்ப்பே இல்லை, பஞ்சை மிதிக்கிற மாதிரி கால் இறங்கியது. மேலே அவர்கள் சத்தம் ஒரு வளைவு, இரண்டு வளைவு. பிறகு தேயிலைக்குள் மழைப்புகாரின் மூட்டம் மட்டும்.

அவர்களில் யாருக்காவது அழைத்திருக்கலாம். சிக்னல் இருந்தது. ஆனால் மறுபடியும் அந்தச் சிரிப்பு வேண்டாம் என்றிருந்தது. வட்ஸ்அப் குழுவில், ‘வீட்டில் அவசரம், திரும்பிவிட்டேன்’ என்று எழுதினேன். மேலிருந்து ஒரு கட்டைவிரல் வந்தது. அரைமணி நேரத்தில் எஞ்சின் ஆறி, பிடித்தது. இறக்கத்தில் உருட்டியும் ஓட்டியும் வீடு வந்தேன். எந்த வீட்டில் என்ன அவசரம்? மடுல்கெல்லயிலிருந்து அம்மா அன்று போன் எடுத்து, “நல்ல நாளும் அதுவுமா எங்கயும் போகலையா?” என்று கேட்டபோது, போய்வந்தேன் என்று அவரிடமும் பாதி பொய் சொன்னேன்.

திங்கட்கிழமை மேசையில் ஒரு பழைய பங்களாவின் படம் கிடந்தது. அடி, அங்குலத்தில் வரைந்தது. அதை மில்லிமீட்டருக்கு மாற்ற வேண்டும். ஒரு சுவர்ப் பூச்சில் ‘2’ என்று இருந்தது. கை தன்பாட்டில் 51 என்று தட்டியது. தட்டிய விரல் அங்கேயே நின்றது. நானா சொன்ன ரெண்டு, பழைய மெக்கானிக் கணக்கில், அங்குலத்தில் ஆயிரத்தில் ரெண்டு. மில்லிமீட்டரில் 0.05. நான் வைத்தது அதில் பாதிகூட இல்லை. சூட்டில் வால்வு நீண்டதும் மூடவே இடமில்லாமல், அமுக்கம் எல்லாம் கசிந்திருக்கிறது. காலையிலிருந்து மாலைவரை அளவு மாற்றுவதே பிழைப்பு. என் பைக்குக்கு மட்டும் மாற்றத் தோன்றவில்லை. எந்த அளவில் ரெண்டு என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். அவர் முன்னால் தெரியாதவனாக நிற்கக் கூச்சப்பட்டேன்.

நேற்று 0.05 வைத்தேன். இப்போது மெல்லிசாகத் தட்டுகிறது. இதுதான் சரியான தட்டலா, இன்னும் கூடுதலா என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு நிமிஷம் சரி என்கிறது காது, மறுநிமிஷம் இல்லை என்கிறது. தனியாகக் கேட்டுக் கேட்டு அது கெட்டுப்போய்விட்டது. வேறு ஒருவருடைய காது வேண்டும்.

நாளைக் காலை எஞ்சினை எழுப்பாமல், வீட்டுக்கார அம்மாவின் மருமகனுடைய சின்ன லொறியில் பைக்கை ஏற்றிக் கட்டுகஸ்தோட்டைக்குக் கொண்டுபோகப் போகிறேன். கடை திறக்கும்போது வாசலில் இருப்பேன். ஆறின எஞ்சினிலேயே நானா அளந்து பார்க்கட்டும். வீட்டில் அவசரம் எதுவும் இருக்கவில்லை என்பதை முதலில் சொல்ல வேண்டும். 0.02 கதையைக் கேட்டு அவர் சிரிப்பார், கலகெதரைக்கும் உடனே செய்தி போகும். போகட்டும். அடுத்த போயாவுக்கு என்னை வாலில் விடாமல் நடுவில் விடச் சொல்லிக் கேட்கப் போகிறேன். நின்றால் பின்னால் வருகிறவருக்குத் தெரியவேண்டும்.